லன் கொடுக்க 20 நிமிடம், டிக்கெட் முடிய 4 நாள்

கேள்வி: கோவையில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் ஸ்டோரேஜ் நிர்வாகியாக இருக்கிறேன். குழுவில் 3 பேர். 2 ஸ்டோரேஜ் பெட்டிகள், மொத்தம் சுமார் 140 டெராபைட். போன ஆண்டு நிறுவனம் ஒரு ஐ.டி.எஸ்.எம். மென்பொருள் (ஐ.டி. வேலைகளை டிக்கெட், ஒப்புதல் என்று பதிவுசெய்து நடத்துவது) வாங்கியது. சர்வர், நெட்வொர்க் குழுக்கள் அதற்குள் போய்விட்டன, இப்போது எங்கள் முறை. ஒரு லன் (சர்வருக்குத் தனி டிஸ்க் போலத் தெரியும் ஸ்டோரேஜ் பங்கு) உருவாக்கி சர்வருக்குக் கொடுக்க எங்களுக்கு 20 நிமிடம் போதும். அதையே டிக்கெட்டாகப் போட்டால் ஒப்புதல் வந்து சேர 4 நாள் ஆகிறது. ஸ்டோரேஜ் அலெர்ட்டுகளை டிக்கெட்டோடு இணைத்துப் பார்த்தோம். முதல் நாளே 300-க்கு மேல் டிக்கெட். ஹெல்ப்டெஸ்க்கில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். மேலாளர் மார்ச்சுக்குள் எல்லாம் இணைந்திருக்க வேண்டும் என்கிறார். எங்கிருந்து தொடங்குவது? உண்மையில் இது தேவைதானா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தேவைதான். ஆனால் நீங்கள் தொடங்கிய இடம் சரியில்லை. அலெர்ட்டை டிக்கெட்டாக மாற்றுவது இந்த வேலையில் கடைசியாகச் செய்ய வேண்டியது. மென்பொருள் விற்பவர்கள் டெமோவில் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். டிஸ்க் சிவப்பாகும், அடுத்த நொடி டிக்கெட் பிறக்கும், பார்க்க ஜோராக இருக்கும். அதில் மயங்கி அங்கேயே ஆரம்பித்து, மூன்றாவது வாரம் இணைப்பைப் பிடுங்கிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நானும் டிக்கெட் என்றாலே முகம் சுளித்தவன்தான். என்னை மாற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அப்போது ஒரு மருத்துவமனையில் ஸ்டோரேஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூலில், அதாவது டிஸ்க்குகளைச் சேர்த்து லன்களுக்குப் பங்கிடும் பொது இடத்தில், இடம் குறைந்துகொண்டே வந்தது, புதிதாக வாங்கப் பணமில்லை. பயன்படாத லன்களைத் தேடிப் பிடித்து நீக்குவது என்று முடிவாயிற்று. டெஸ்ட்_02 என்று ஒன்று கிடைத்தது, 2 டெராபைட். அந்தச் சோதனைத் திட்டம் முடிந்து ஓராண்டு ஆகிவிட்டது என்பது எனக்கே தெரியும். ஐ.ஓ., அதாவது படிப்பதும் எழுதுவதும் எவ்வளவு என்று பார்த்தேன், கிட்டத்தட்டப் பூஜ்யம். நீக்கிவிட்டேன். திங்கள் காலை எக்ஸ்ரே பிரிவிலிருந்து போன்: பழைய படங்கள் எதுவும் திறக்கவில்லை. சர்வர் குழு எப்போதோ இட நெருக்கடியில், பழைய படங்கள் இருந்த டிஸ்க்கைத் 'தற்காலிகமாக' அந்த லன்மேல் இருந்த டேட்டாஸ்டோருக்கு (விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது மென்பொருளால் உருவான சர்வர்கள், தங்கள் டிஸ்க்கை வைக்கும் இடம்) நகர்த்தியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பழைய எக்ஸ்ரேயை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? டேப்பில் பேக்கப் இருந்ததால் தலை தப்பியது. மீட்டெடுக்க ஒன்றரை நாள் ஆனது.

அந்த லன்னின் எண், அளவு, எந்தப் போர்ட் வழியாகப் போகிறது, எல்லாம் எனக்கு அத்துப்படி. அதன்மேல் யார் குடியிருக்கிறார்கள் என்பதுதான் தெரியாது. சர்வர் குழுவுக்கு அது தெரியும். நான் வீட்டை இடிக்கப் போகிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஸ்டோரேஜையும் ஐ.டி.எஸ்.எம்.மையும் இணைப்பது என்று நான் சொல்வது இந்த இரண்டு தெரியாமைகளையும் தீர்ப்பதைத்தான். மென்பொருளோடு மென்பொருளைக் கோர்ப்பதெல்லாம் அப்புறம்.

ஆகவே முதல் வேலை சி.எம்.டி.பி., அதாவது எது எதோடு இணைந்திருக்கிறது என்ற பதிவேடு. உங்கள் நிறுவனத்தில் இப்போது அதில் சர்வர் பெயர்களும் ஸ்விட்ச்களும் இருக்கும். ஸ்டோரேஜ் என்ற இடத்தில் இரண்டு பெட்டிகளின் சீரியல் எண் மட்டும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அங்கே வேண்டியது ஒரு சங்கிலி: பூல், லன், டேட்டாஸ்டோர் அல்லது சர்வர், அதில் ஓடும் பயன்பாடு, அந்தப் பயன்பாட்டுக்குப் பொறுப்பான ஆள். இவ்வளவுதான். ஒவ்வொரு டிஸ்க்கையும், ஒவ்வொரு ஃபைபர் போர்ட்டையும் பதிவுசெய்யச் சொல்லி யாராவது வருவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். டிஸ்க் மாறும்போதெல்லாம் பதிவை மாற்ற 3 பேரால் முடியாது. மாற்றாத பதிவு, பதிவே இல்லாததைவிட ஆபத்து. அதை நம்பி ஒருவர் முடிவெடுப்பார்.

சங்கிலியின் கீழ்ப்பாதியை இயந்திரமே நிரப்பும். பெட்டியின் ஏ.பி.ஐ.யிலிருந்து (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வழி) பூல், லன் விவரமும், விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் விசென்டரிலிருந்து டேட்டாஸ்டோர் விவரமும் தினமும் ஒரு முறை எடுத்துக்கொள்ளலாம். தினமும் என்பது முக்கியம். விர்ச்சுவல் மெஷின்கள் டேட்டாஸ்டோர் விட்டு டேட்டாஸ்டோர் தாவிக்கொண்டே இருக்கும். போன மாதப் படம் இந்த மாதம் பொய். மேல்பாதி, அதாவது இது சம்பளப் பட்டியல், இது உற்பத்தித் திட்டம், இதற்குப் பொறுப்பு இன்னார் என்பதெல்லாம் மனிதர்களிடம் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். 140 டெராபைட்டுக்கும் ஒரே மூச்சில் செய்ய நினைக்காதீர்கள். எது நின்றால் ஆலை நிற்குமோ அந்தப் பத்துப் பயன்பாடுகளை மட்டும் முதலில் பிடியுங்கள்.

ஆலை நிற்பது என்றதும் நினைவுக்கு வருவது டொயோட்டா. 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் அவர்களுடைய 14 தொழிற்சாலைகளும் நின்றன. முதலில் சைபர் தாக்குதலோ என்ற சந்தேகமும் எழுந்தது. பிறகு டொயோட்டாவே காரணத்தை வெளியிட்டது. உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்களில் ஆகஸ்ட் 27 அன்று வழக்கமான பராமரிப்பு நடந்தது. டேட்டாபேஸில் சேர்ந்திருந்த தரவை நீக்கி ஒழுங்குபடுத்தும் வேலை. அதன் நடுவில் டிஸ்க்கில் இடம் போதாமல் போய்ப் பிழை வந்து சிஸ்டம் நின்றது. மாற்று சர்வர்களும் அதே அமைப்பில் ஓடியதால் அங்கும் அதே கோளாறு, மாற்றிவிடவும் முடியவில்லை. கடைசியில் பெரிய கொள்ளளவுள்ள சர்வருக்குத் தரவை நகர்த்தித்தான் சரிசெய்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, தரவை நீக்கும் வேலைக்கே இடம் தேவைப்பட்டது என்பதுதான். டேட்டாபேஸ் ஆட்களுக்கு இது புதிதல்ல. நீக்கும்போது, செய்ததைக் குறித்துவைக்கும் லாக் வளரும். டேபிளை மறுபடி அடுக்கினால் சில நேரம் அதே அளவுக்கு இன்னொரு நகல் இடம் கேட்கும். 'இன்று இரவு இந்த வேலை செய்யப் போகிறோம்' என்ற தகவலும் 'அந்த டிஸ்க்கில் இவ்வளவுதான் இடம் இருக்கிறது' என்ற தகவலும் வேலைக்கு முன்பே ஒரே மேசைக்கு வர வேண்டும். அந்த மேசைதான் சேஞ்ச் நிர்வாகம், அதாவது மாற்றங்களை முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தரும் இடம். உங்கள் சேஞ்ச் படிவத்தில் 'இந்த வேலை நடக்கும்போது கூடுதலாக எவ்வளவு இடம் வேண்டும், அந்தப் பூலில் இப்போது காலியாக உள்ளது எவ்வளவு' என்று ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்லுங்கள். சி.எம்.டி.பி. சங்கிலி இருந்தால் இரண்டாவது பாதியை மென்பொருளே நிரப்பிவிடும். சங்கிலி இல்லாவிட்டால் உங்களுக்குப் போன் வரும், அதுவும் மோசமில்லை.

இனி அந்த 4 நாள் விவகாரம். இங்கே உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் குற்றவாளி டிக்கெட் இல்லை. எல்லா வேலையையும் ஒரே வரிசையில் நிற்கவைத்ததுதான் குற்றம். ஐ.டி. சேவை நிர்வாகத்துக்கான ஐடில் வழிகாட்டு முறையிலேயே இதற்கு வழி இருக்கிறது. அடிக்கடி செய்வது, ஆபத்துக் குறைவு, செய்முறை எழுதப்பட்டிருக்கிறது என்றால் அதை ஸ்டாண்டர்டு சேஞ்ச் என்று ஒரு முறை ஒப்புதல் வாங்கி வைத்துவிடலாம். பிறகு ஒவ்வொரு முறையும் ஒப்புதல் கமிட்டிக்குப் போக வேண்டாம். ஐடில் 4-இல் சேஞ்ச் நிர்வாகத்தின் பெயரையே சேஞ்ச் எனேபிள்மென்ட் (மாற்றத்துக்கு வழிவிடுதல்) என்று மாற்றினார்கள். பெயர் மாறியும் பல அலுவலகங்களில் கமிட்டிக்கு மட்டும் அது எட்டவில்லை.

ஆகவே எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சோனிங் செய்யப்பட்ட (எந்தப் பெட்டியைப் பார்க்கலாம் என்று ஸ்விட்ச்சில் அனுமதி பெற்ற) சர்வர், 500 ஜிபிக்குக் குறைவு, பூல் 70 சதவீதத்துக்குக் கீழே, பயன்பாட்டின் பெயரும் பொறுப்பாளரும் படிவத்தில் இருக்கிறது: இந்த நான்கும் சரியாக இருந்தால் லன் கொடுப்பது ஸ்டாண்டர்டு. டிக்கெட் வரும், நீங்கள் கொடுப்பீர்கள், 20 நிமிடத்தில் மூடுவீர்கள். எண்கள் உங்கள் வசதிப்படி. பொறுப்பாளர் பெயர் மட்டும் கட்டாயம், சி.எம்.டி.பி.யின் மேல்பாதி இப்படித்தான் தானாக நிரம்பும்.

சோனிங் மாற்றத்தை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். தப்பான சோன்செட்டை (அந்த அனுமதிகளின் தொகுப்பை) ஆக்டிவேட் செய்தால் ஒரு ஃபேப்ரிக்கில் (ஒன்று போனால் மற்றொன்று என இரண்டாக வைக்கும் ஸ்விட்ச் வலைகளில் ஒன்றில்) உள்ள எல்லா சர்வர்களும் ஒரே நொடியில் பாதையை இழக்கலாம். அது கமிட்டிக்குப் போகட்டும். இன்று ஏ ஃபேப்ரிக், பாதைகள் திரும்ப வந்ததைச் சரிபார்த்த பிறகு நாளை பி ஃபேப்ரிக் என்று டிக்கெட்டிலேயே இரண்டு தேதி இருக்கட்டும். ஒரே இரவில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று சொல்லும் ஆளிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

விற்பனை நிறுவனத்தின் ஆட்கள் வந்து செய்யும் மாற்றங்களும் இதே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர்கம்ப்யூட்டர் ஸ்டோரேஜில் 2021 டிசம்பரில் சுமார் 77 டெராபைட் தரவு, 3 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. பேக்கப் ஸ்கிரிப்டில் பழைய லாக்குகளை நீக்கும் பகுதி ஒன்று இருந்தது. அதைத் திருத்திய விற்பனை நிறுவனம், பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை அதன்மேல் எழுதிவிட்டது. ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல் நடுவழியில் புதிய வரிகளைப் படித்தது, ஒரு மாறிக்கு மதிப்பே இல்லாமல் போனது, லாக்குகளுக்குப் பதிலாக ஆராய்ச்சிக் கோப்புகள் நீங்கின. 'சின்னத் திருத்தம்தான் சார், 5 நிமிடம்' என்று யாராவது மடிக்கணினியோடு வந்தால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்டும் மாற்றம்தான், ஃபர்ம்வேரும் மாற்றம்தான்.

ஸ்னாப்ஷாட் (ஒரு நொடியில் தரவு இருந்த நிலையைப் பிடித்துவைப்பது) பற்றி ஒரு வார்த்தை. சேஞ்ச் டிக்கெட்டுகளில் பின்வாங்கும் திட்டம் என்ற இடத்தில் 'ஸ்னாப்ஷாட் எடுக்கப்படும்' என்று எழுதுவார்கள். எடுப்பார்கள். வேலை முடிந்து டிக்கெட் மூடப்படும். ஸ்னாப்ஷாட் அங்கேயே இருந்து, மாறுகிற ஒவ்வொரு பிளாக்குக்கும் பழைய நகலைப் பிடித்துவைத்துப் பருத்துக்கொண்டே போகும். நீக்கும் தேதியும் நீக்குபவர் பெயரும் நிரப்பாமல் அந்த டிக்கெட்டை மூட முடியாதபடி செய்யுங்கள். அதே பெட்டியில் கிடக்கிற ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கொள்ளளவுக்கு வருவோம். நீங்கள் தின் ப்ரொவிஷனிங்தான் (இடத்தைக் கணக்கில் மட்டும் கொடுத்து, எழுத எழுத ஒதுக்குவது) பயன்படுத்துவீர்கள், இல்லையா? 90 டெராபைட் உள்ள பூலில் 150 டெராபைட்டுக்கு வாக்குக் கொடுத்திருப்பீர்கள். ஒவ்வொரு சர்வரும் தன் டிஸ்க்கில் இடம் தாராளமாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். பூல் நிரம்பும் நாளில் அதன்மேல் உள்ள எல்லா லன்னும் சேர்ந்து எழுத மறுக்கும். ஆகவே இது ஒரு சர்வரின் பிரச்சினையாக வராது, ஊர்ப் பிரச்சினையாகவே வரும்.

இதற்கு எல்லோரும் 80, 90 சதவீதத்தில் அலெர்ட் வைக்கிறார்கள். சதவீதத்தைவிட நாள் கணக்கு எனக்குப் பிடிக்கும். உங்கள் பூல் தினமும் 200 ஜிபி வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொட்டேஷன், ஒப்புதல், பெட்டி வந்து சேர்வது, பொருத்துவது எல்லாம் சேர்த்து 90 நாள் என்றால் அதற்குள் 18 டெராபைட் தின்றுவிடும். 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதியானால் எல்லை 81 டெராபைட். 18-ஐக் கழித்தால் 63. அதாவது 70 சதவீதத்திலேயே கொள்முதல் டிக்கெட் பிறந்திருக்க வேண்டும்! 90-இல் வரும் அலெர்ட்டால் எந்தப் பயனும் இல்லை. அது துக்கச் செய்தி. அந்த டிக்கெட் போக வேண்டிய இடமும் ஹெல்ப்டெஸ்க் அல்ல. பட்ஜெட் வைத்திருப்பவரின் வரிசைக்குப் போக வேண்டும், அவர் தள்ளிப்போட்டால் தள்ளிப்போட்டது தேதியோடு பதிவாக வேண்டும். ஸ்டோரேஜ்காரர்களுக்கு ஐ.டி.எஸ்.எம்.மால் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இதுதான் என்பேன். நாலு முறை மெயிலில் எச்சரித்தும் யாரும் கேட்கவில்லை என்று பிறகு புலம்ப வேண்டியதில்லை.

கொடுப்பதற்கு டிக்கெட் இருப்பதுபோல் திரும்ப வாங்குவதற்கும் இருக்க வேண்டும். சர்வரை நிறுத்தும் டிக்கெட்டில் லன் மீட்பு என்பது ஒரு துணைவேலை. முதலில் மேப்பிங்கை, அதாவது லன்னுக்கும் சர்வருக்கும் உள்ள இணைப்பை, மட்டும் எடுங்கள். 30 நாள் யாரும் சத்தம் போடாவிட்டால் பிறகு நீக்குங்கள். டெஸ்ட்_02 கற்றுக்கொடுத்தது.

சரி, இப்போது அந்த 300 டிக்கெட். அவற்றில் பெரும்பாலானவை 'தகவலுக்காக' ரகமாகத்தான் இருக்கும்: பேட்டரி சோதனை முடிந்தது, போர்ட் இணைந்தது, ஸ்னாப்ஷாட் உருவானது. ஒரு மாதம் அலெர்ட்டுகளை எங்கேயும் இணைக்காமல் சேர்த்து வைத்துப் பாருங்கள். எந்த அலெர்ட் வந்தபோது உங்களில் ஒருவர் நாற்காலியைவிட்டு எழுந்தாரோ அது மட்டும் டிக்கெட்டாகத் தகுதியுள்ளது. என் அனுபவத்தில் ஒரு கை, ஒன்றரைக் கை விரல்களுக்குள் முடிந்துவிடும். ஒரே கன்ட்ரோலர் கோளாறில் 40 லன்கள் கத்தினால் 40 டிக்கெட் வேண்டாம், ஒன்று போதும். எந்தெந்தப் பயன்பாடு பாதிக்கும் என்ற பட்டியல் சங்கிலியிலிருந்து வந்து அதில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இதனால்தான் சி.எம்.டி.பி. முதலில், அலெர்ட் கடைசியில் என்றேன்.

டிஸ்க் செயலிழப்பு மட்டும் தனி ரகம். பெட்டியில் தயாராக இருக்கும் மாற்று டிஸ்க்கான ஹாட் ஸ்பேர் வேலையை எடுத்துக்கொண்டதும் பெட்டி சாந்தமாகிவிடும், பயனாளிக்கு எதுவும் தெரியாது, டிக்கெட்டை மூடிவிடத் தோன்றும். மூடாதீர்கள். 16 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் மறுகட்டமைத்தால் 44 மணி நேரம் ஆகும். ஒரு டிஸ்க் இழப்பை மட்டும் தாங்கும் ரெய்டு 5 அமைப்பு என்றால் அந்த 44 மணி நேரத்தில் இன்னொரு டிஸ்க் போனால் கதை முடிந்தது. ரெய்டு 6 இரண்டு வரை தாங்கும். ஆகவே ரீபில்ட் (மறுகட்டமைப்பு) முடியும்வரை டிக்கெட் திறந்திருக்கட்டும். திறந்திருக்கும்வரை அந்தப் பூலைத் தொடும் எந்த சேஞ்ச்சும் நிறுத்திவைக்கப்படட்டும். ஒரு வேடிக்கையும் உண்டு. பெட்டிகள் கால் ஹோம் வழியாகத் தயாரிப்பாளருக்கு நேரடியாகச் செய்தி அனுப்பிவிடும். பல அலுவலகங்களில் டிஸ்க் போனது தெரியவருவதே, 'ஒருத்தர் டிஸ்க்கோட வந்திருக்கார் சார்' என்று கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் செய்யும்போதுதான். அவர்களுடைய கேஸ் எண் உங்கள் டிக்கெட்டில் ஏறும்படி செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு அலெர்ட்டை நிச்சயம் இணையுங்கள். ஒரு பூலில் ஸ்னாப்ஷாட் அளவு திடீரென்று எகிறி, டீடியூப் விகிதம் (ஒரேபோன்ற தரவை ஒரே நகலாகச் சுருக்கும் அளவு) சரிந்தால், அதைக் கொள்ளளவுப் பிரச்சினை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரான்சம்வேர் கோப்புகளை என்க்ரிப்ட் செய்யும்போது எல்லா பிளாக்கும் மாறும், மாறியது எதுவும் சுருங்காது. அதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் ஸ்டோரேஜ் திரைதான். அந்த டிக்கெட் நேராகப் பாதுகாப்புக் குழுவுக்குப் போக வேண்டும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி இத்தகைய சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் வரிசையில் அது 'டிஸ்க் இடம் குறைவு, நடுத்தர முன்னுரிமை' என்று தூங்கினால் அந்த 6 மணி நேரம் அங்கேயே போய்விடும். அதே உத்தரவு லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. அந்த இடத்தையும் உங்கள் கணக்கில் சேர்த்தீர்களா?

எஸ்.எல்.ஏ. (சேவைத் தர ஒப்பந்தம்) பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதனால் நீட்டவில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: எந்தப் பயன்பாட்டுக்காவது 'அதிகபட்சம் 1 மணி நேரத் தரவு இழப்பு' என்று யாராவது கையெழுத்துப் போட்டிருந்து, அதன் பேக்கப் இரவில் ஒரே முறை ஓடினால், உண்மையான எண் 24. கையெழுத்துப் போட்டவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மார்ச்சுக்குள் எல்லாம் முடியாது. பத்துப் பயன்பாடுகளின் சங்கிலி, லன் கொடுப்பதற்கு ஒரு ஸ்டாண்டர்டு சேஞ்ச், படிவத்தில் இடம் பற்றிய அந்தக் கேள்வி, 70 சதவீதத்தில் பிறக்கும் கொள்முதல் டிக்கெட். 3 பேரால் இவ்வளவு முடியும். அலெர்ட் ஏன் இன்னும் இணையவில்லை என்று மேலாளர் கேட்டால் டொயோட்டா கதையைச் சொல்லிப் பாருங்கள். உதிரிபாக ஆர்டர் வராமல் 14 ஆலை நின்றது என்றால், இந்தத் தொழிலில் இருப்பவருக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்காது.